றஸ்மியைப் பிடிக்காத ஒருவர்

கல்முனையில் கரையோர மீட்புப் பணியகத்தைத் திறந்த அன்று ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. இரண்டு மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் பூச்சாடிகள். கடற்கரையில் தனிக் கொட்டகை, அதற்குள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய படகு. எப்பேர்ப்பட்ட கடலிலும் போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வருமாம். திறந்த நாளிலிருந்து அந்தப் படகின் மேல் ஒரு துளி உப்புத் தண்ணீர் பட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

ஜவுபருக்கும் அந்தக் கட்டடத்தில் கொஞ்சம் பங்குண்டு. கல்முனைக்குடியில் மின்விசிறி, தண்ணீர் மோட்டார் திருத்தும் கடை வைத்திருப்பவர் அவர். பணியகத்தின் மின்விசிறிகளையெல்லாம் ஏணியில் ஏறிப் பூட்டிக் கொடுத்தவர். அப்போதுதான் சுவரில் எழுதியிருந்ததைக் கிட்டத்தில் நின்று படித்தார். ‘இரக்கம் தவறும். கடமை தவறாது.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில், ‘கண் கலங்கும் உத்தியோகத்தர் உடனே மேலதிகாரிக்கு அறிவிக்கவும்.’ ஊரில் கண்நோய் பரவியிருந்த நேரம் அது. நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்.

அவருடைய தம்பி றஸ்மி கடலுக்குப் போகிறவன். ஒரு வியாழக்கிழமை விடிகாலைச் சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு படகை இறக்கினான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் தனியாகவே போனான். வெயில் ஏறுவதற்குள் வானம் கறுத்து, காற்று எழும்பி, கரையில் செங்கொடி ஏற்றிவிட்டார்கள். செங்கொடி ஏறிவிட்டால் வேறு எந்தப் படகும் இறங்கக் கூடாது, பணியகத்தின் படகு மட்டும் இறங்கலாம். சற்று நேரத்தில் ஜவுபரின் கைத்தொலைபேசி அடித்தது. அண்ணனைக் ‘காக்கா’ என்று கூப்பிடும் றஸ்மியின் குரல்.

“காக்கா, இஞ்ஜின் நிண்டுட்டு. ஒலுவில் வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரியிது. நீரோட்டம் தெக்கால இழுக்குது. அந்தப் பெரிய போட்டை அனுப்பச் சொல்லுங்க. ஆகிலாக்கிட்ட ஒண்டும் சொல்லிராதீங்க.”

அத்தோடு தொடர்பு அறுந்தது. ஆகிலா றஸ்மியின் மனைவி. அவளிடம் யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கடற்கரைத் தெருவில் செய்தி ஆளுக்கு முந்தி வீட்டுக்குப் போய்விடும். ஜவுபர் ஓட்டோவை மறிப்பதற்குள் கைக்குழந்தையோடு ஓடி வந்து ஏறிக்கொண்டாள்.

பணியகத்தின் முன் மேசையில் தக்சாயினி என்ற பாண்டிருப்புப் பெண் இருந்தாள். நல்ல சுறுசுறுப்பு. இடம், நேரம், படகின் நிறம் எல்லாவற்றையும் மளமளவென்று கேட்டுக்கொண்டு, படகோட்டிகளுக்குச் சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். இன்னும் ஒரு வசனம் அவள் பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“இண்டைக்குப் புள்ளட மூஞ்சக்கூட அவர் சரியாப் பாக்கல்ல தங்கச்சி. தூங்குது எண்டு எழுப்பாமப் போனவர்” என்று ஆகிலா விம்மி அழுதாள்.

தக்சாயினியின் கை அப்படியே நின்றது. மெதுவாகத் தொலைபேசியை வைத்துவிட்டு, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் ஜவுபரைக் கூப்பிட்டாள்.

“நானா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க. எனக்குக் கண் கலங்கிட்டு.”

“அதுக்கென்ன புள்ள. மனுசனெண்டாக் கலங்கும்தானே. நீங்க போட்டுக்குச் சொல்லுங்க.”

“இல்ல நானா. இனி உங்கட விசயத்தை நான் தொடக் கூடா. இப்ப சொன்னா நான் இரக்கத்தில சொன்னதாப் போயிரும். கடமையில சொன்னதா இருக்காது.”

அவள் மேலே போய்த் தன்னைத்தானே அறிவித்துவிட்டு வேறு பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்ததாக ஓர் உத்தியோகத்தர் வந்தார். கடுகடுத்த முகம். ஜவுபருக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் ஆகிலாவின் மடியில் இருந்த குழந்தை எட்டி அவருடைய பேனையைப் பிடித்து இழுத்துப் பல்லில்லாத வாயால் சிரித்தது. அவரும் போனார். அதற்கடுத்தவருக்குக் கடலில் மாண்ட ஒரு மைத்துனன் இருந்தானாம், கடல் என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து போய்விட்டார். பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் கீழ்மாடி முழுவதும் மனம் இளகி, வேலைக்கு உதவாமல் போய்விட்டது. ஒரு மூத்த எழுதுவினைஞர் தூரத்தில் நின்றபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜவுபரிடம் சொன்னார்.

“காக்கா, உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன். அந்தப் புள்ளையை வீட்ட அனுப்புங்க. நீங்களும் மூஞ்சைக் கழுவித் தொடச்சிட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி நில்லுங்க. இல்லாட்டி உங்களுக்கு வேலை செய்ய இந்தக் கட்டடத்தில ஆளே மிஞ்சாது.”

ஜவுபர் ஆகிலாவை அனுப்பிவைத்தார். குழாயடியில் முகம் கழுவினார். தம்பி கடலில் தத்தளிக்கும்போது கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு கொடிய வேலை என்பதை அன்றுதான் கண்டுகொண்டார். பிற்பகலில் பணிப்பாளர் நளீம் அவரை மேலே கூப்பிட்டார்.

நளீம் கெட்டவர் அல்ல. கைலஞ்சம் வாங்காதவர், நேரத்துக்கு வருகிறவர், யாருக்கும் பொய் சொல்லாதவர். வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போன இடத்தில் பழைய காலத்து ஞானி ஒருவரின் போதனை அவரைப் பிடித்துக்கொண்டது. ஆசைக்காகவோ இரக்கத்துக்காகவோ செய்கிற நன்மைக்குத் தனி மதிப்பில்லை. இது என் கடமை என்று பகுத்தறிவு சொல்வதற்காக மட்டும் செய்கிற காரியத்துக்கே மதிப்பு. அந்த ஞானி இதைச் சொன்னது ஒரு மனிதன் தன் மனதைத் தானே சோதித்துப் பார்ப்பதற்கு. நளீம் அதை அடுத்தவர் மனதைச் சோதிக்கிற அலுவலகமாக்கிவிட்டார்.

“இருங்க ஜவுபர். உங்களுக்காக நான் கொஞ்சமும் கவலைப்படல்ல எண்டதை முதல்ல சொல்லிக்கொள்றன். அது உங்களுக்கு நல்லம்.”

“சந்தோசம் சேர். போட்...”

“வாறன். முன்ன எப்பிடி இருந்த? பெரிய இடத்து மச்சான் ஒருத்தன் காணாமப் போனா உள்ள போட்டெல்லாம் போகும். நாதியில்லாத ஒருத்தன் போனான், அவனுக்காக வந்து அழ ஒரு ஆள் இல்ல. ஒருத்தரும் தேடல்ல. ஏன்? இரக்கத்தை நம்பின படியால. இது சரியா பிழையா?”

“சரிதான் சேர்.” அது உண்மை என்பது ஜவுபருக்கும் தெரியும். அந்த நாதியற்றவனை அவரும் தேடப் போகவில்லை.

“ஒத்துக்கொள்றீங்க. அப்ப அழுறவனுக்கு ஒரு நீதி, அழாதவனுக்கு ஒரு நீதி இருக்கப்படா. அதுக்காகத்தான் நாங்க இரக்கத்தை வேரோட புடுங்கியிருக்கிறம்.”

“அழாதவனையும் சேத்துத் தேடினா முடிஞ்சிதானே சேர்?”

நளீம் சிறுபிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்துப் புன்னகைத்தார். “நடைமுறைக்கு அது சரி. கொள்கைக்குச் சரி வராது. இப்ப நீங்க ஏன் வந்த?”

“என்ட தம்பி சேர்.”

“பாருங்க. தம்பி! அது பாசம். ஒவ்வொருத்தனும் தன்ட தம்பிக்காக மட்டும் வந்து நிண்டா இந்த உலகம் என்னாகும்?”

ஜவுபர் யோசித்துப் பார்த்தார். “எல்லாத் தம்பிமாரும் கரை சேருவாங்க சேர்.”

நளீம் தண்ணீர் குடித்தார். ஜவுபருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. “சேர், செத்தவனுக்காகத் தொழுற ஜனாஸாத் தொழுகை ஊருக்கெல்லாம் பர்ளு கிபாயா. ஆராவது ஒரு கூட்டம் தொழுதா ஊரே தப்பிக்கும், ஒருத்தரும் தொழாட்டி ஊரே குத்தவாளி. கடல்ல நிக்கிறவனைத் தேடுறதும் அப்பிடித்தானே. ஆர் செஞ்சா என்ன, என்ன மனசோட செஞ்சா என்ன?”

“மனசுதான் ஜவுபர் எல்லாம்! மனசில நிய்யத் இல்லாமச் செய்யிற அமலுக்குக் கூலி உண்டா?”

“நிய்யத்தைப் பாக்கிற அல்லாஹ் சேர். போட்டை விடுற நீங்க.”

இது மரியாதைக் குறைவாகப் போய்விட்டதோ என்று ஜவுபர் பயந்தார். ஆனால் நளீம் கோபப்படவில்லை. கோபமும் ஓர் உணர்ச்சிதானே. அமைதியாகவே வழி சொன்னார்.

“உங்கட தம்பி மேல பாசமில்லாத ஒருத்தர் வந்து கேக்கட்டும். அவரைப் பிடிக்காத ஆளா இருந்தா இன்னும் நல்லம். பிடிக்காம இருந்தும் கேக்கிறாரெண்டா அது கலப்படமில்லாத கடமை. அந்த நிமிசமே போட்டை விடுவன். இது என்ட வாக்கு.”

வாக்கு மாறாதவர் என்று பெயர் எடுத்தவர். ஆகவே ஜவுபர் தம்பியின் எதிரியைத் தேடிப் புறப்பட்டார்.

அதுவரைக்கும் தம்பிக்கு ஊரில் நாலு பேர் பகை என்று கவலைப்பட்டவர் அவர். இப்போது ஒருவனையும் காணோம். பஹ்மி என்று ஒருவன் இருந்தான். தேர்தல் காலச் சண்டையில் முறைத்துக்கொண்டு, பெருநாளன்றுகூட றஸ்மிக்கு சலாம் சொல்லாதவன். அவனிடம் ஓடினார். ஜவுபரைக் கண்டதுமே பஹ்மி கட்டிப்பிடித்துக்கொண்டு, “அவனோட கதைக்காமலே இருந்திட்டேனே காக்கா, இனிக் கதைக்கக் கிடைக்குமா” என்று தேம்பினான். எதற்கும் உதவாத அழுகை. மீன் சந்தையில், பள்ளிவாசலில், தேநீர்க்கடையில் எங்கே கேட்டாலும் றஸ்மி தங்கமான பிள்ளை, அவனுக்காக துஆச் செய்கிறோம் என்றார்கள். நேற்று வரைக்கும் திட்டித் தீர்த்தவர்களும் அதையே சொன்னார்கள். தம்பி மேல் இப்படி அன்பைக் கொட்டுகிற ஊரின் மீது ஜவுபருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கடைசியில் பாண்டிருப்புக் கதிர்காமனின் நினைவு வந்தது. அவரும் மீன்பிடிக்காரர். றஸ்மியின் படகு அவருடைய வலை மேல் ஏறி, இஞ்ஜின் விசிறி வலையைக் கிழித்து நாசமாக்கி, சந்தைக்குள் இருவரும் கைகலந்து, மத்தியஸ்த சபை வரைக்கும் போன வழக்கு. ஜவுபர் போனபோது கதிர்காமன் வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆர், அந்த ஆக்கினை புடிச்சவனா நிக்கிறான் கடல்ல?” என்றார்.

ஜவுபருக்கு நெஞ்சு குளிர்ந்தது. “ஓம் அண்ணே. அவனைத் திட்டுங்க. நல்லாத் திட்டுங்க. நாளைக்குக் காலையில வந்து இதையே சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் கதிர்காமன் நளீமின் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் ஜவுபர், முகத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு.

“றஸ்மியைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?”

“என்ட கண்ணில காட்டப்படா. என்ட வலையை நாசமாக்கினவன். சந்தைக்குள்ள வெச்சு எனக்கு அறைஞ்சவன். நானும் விடல்ல, அறைஞ்சனான்.”

“அவர் இறந்து போனாக் கவலைப்படுவீங்களா?”

“நான் ஏன் கவலைப்படணும்?”

“அப்ப ஏன் தேடச் சொல்லிக் கேக்கிறீங்க?”

கதிர்காமன் அவரை விளங்காமல் பார்த்தார். “கடல்ல ஒருத்தன் நிண்டா தேடுறதுதானே. இதில என்ன ஏன்?”

நளீம் எழுந்து நின்றுவிட்டார். “இதுதான்! இவ்வளவு காலமும் நான் புத்தகத்தில மட்டும் படிச்சது இது!” மணியை அடித்தார். படகை விடத்தான் என்று ஜவுபர் நினைத்தார். உத்தியோகத்தர் எல்லோரையும் மண்டபத்துக்கு வரச் சொல்ல அடித்தாராம். இப்படி ஒரு மனிதர் நம் பிரதேசத்தில் கிடைத்திருக்கும்போது, அவரைக் கௌரவிக்காமல் காரியத்தைச் செய்தால் அது வெறும் காரியமாகப் போய்விடும் என்றார்.

கதிரைகள் வந்தன. ஒலிபெருக்கி வந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், குர்ஆனிலிருந்து கிறாஅத் ஓதினார்கள். வரவேற்புரை நடந்தது. பிறகு நளீம் பேசினார். “இங்கே அமர்ந்திருப்பவர் அன்பினால் வரவில்லை. அன்பினால் வருவதென்றால் ஆடு மாடும் வரும். இவர் வெறுப்போடு வந்திருக்கிறார். ஆகவேதான் இவர் மனிதர்!” கை தட்டினார்கள். மேல்மாடி ஜன்னல் வழியே கடல் தெரிந்தது. காற்று சற்றுத் தணிந்து, அலையின் வெள்ளை குறைந்திருந்தது. தேடப் போவதற்கென்றே இறைவன் கொடுத்த இடைவெளி மாதிரி இருந்தது. ஜவுபர் அதைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், மறுபடி கடலைப் பார்த்தார். முகம் மட்டும் அசையவில்லை.

நளீம் பொன்னாடையைப் போர்த்தினார். மாலையைக் கையில் எடுத்தபோது கதிர்காமனுக்குப் பொறுமை போய்விட்டது.

“சேர், மாலையைப் புறகு போடுங்க, போட்டை விடுங்க. காத்து இன்னும் கொஞ்சத்தில திரும்பக் கிளம்பும். அவன்ட புள்ளைக்கு இன்னும் பல்லுக்கூட முளைக்கல்ல.”

நளீமின் கையில் மாலை தொங்கியது.

“என்ன சொன்னீங்க?”

“புள்ளைக்குப் பல்லு முளைக்கல்ல எண்டன்.”

“அதை ஏன் சொன்னீங்க?”

கதிர்காமன் திகைத்துப் போனார். களவு பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு, “என்னவோ, வாயில வந்திட்டு” என்றார்.

நளீம் பொன்னாடையை அவர் தோளிலிருந்து மெல்ல எடுத்து, மடித்து, மேசை மேல் வைத்தார். இவ்வளவு நேரமும் நாங்கள் ஏமாந்திருக்கிறோம் என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னார். ஜவுபர் அவர் காலடிக்கே போய்விட்டார்.

“சேர், நீங்க இரிக்கீங்களே சேர். உங்களுக்குத்தான் ஒரு துளி இரக்கமும் இல்லியே. நீங்களே ஒரு சொல் சொல்லுங்க.”

“சொல்லலாம். ராவு முழுக்க அதைத்தான் யோசிச்சன். ஆனா நான் பொய் சொல்ல மாட்டன் ஜவுபர். கடமையைச் செய்யிற நேரம் எனக்குள்ள ஒரு சந்தோசம் வருது. சந்தோசத்துக்காகச் செஞ்சா அது கடமையில்ல. அதால நானும் விலகிக்கொள்றன்.”

சபை எழுந்து நின்று கை தட்டியது. ஜவுபருக்குத் தானும் தட்ட வேண்டுமோ என்று ஒரு கணம் குழப்பமாக இருந்தது. விசயத்தைக் கொழும்புக்கு அனுப்புவதாக முடிவானது. அங்கே றஸ்மியை யாருக்கும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது, பிடிக்காமலும் இருக்காது. அவர்கள் சொன்னால் சுத்தமாக இருக்கும்.

ஜவுபரும் கதிர்காமனும் பாண்டிருப்புக் கடற்கரைக்கு நடந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. ஜவுபர் வாழ்க்கையில் முதல்முறையாக அதைக் கேட்டும் கேளாதவராக, கதிர்காமனின் சின்னப் படகைத் தள்ளக் கை கொடுத்தார். செங்கொடி தலைக்கு மேலே படபடத்தது. காற்று மறுபடி கிளம்பியிருந்தது. முதல் அலையைத் தாண்டினார்கள். இரண்டாவது அலை படகைத் தூக்கிக் கவிழ்த்து, இரண்டு பேரையும் கரையில் கொண்டுவந்து போட்டது. கதிர்காமனின் தோள் மூட்டு கழன்றுவிட்டது. அந்த வலியோடும் அவர் றஸ்மியைத்தான் திட்டினார். “நாசமாப் போனவன், தனியப் போகாத எண்டா கேப்பானா” என்று திட்டித் திட்டி அழுதார். ஈர மணலில் குந்தியிருந்து ஜவுபரும் வாய்விட்டு அழுதார். அங்கே அவர்களைத் தடுக்க உத்தியோகத்தர் யாரும் இருக்கவில்லை. செங்கொடியை மீறியதற்காகக் கதிர்காமனின் படகு உரிமம் ரத்து என்ற அறிவித்தல் மட்டும் அன்று பின்னேரமே வந்து சேர்ந்தது. அதற்கு யாருடைய மனதையும் சோதிக்க வேண்டியிருக்கவில்லை.

கடல் அடங்கிய பிறகு அறுகம்பேயில் ஒரு விருந்தினர் விடுதிக்கு முன்னால் றஸ்மியின் உடல் மையத்தாக ஒதுங்கியது. ஜவுபர் போய் அடையாளம் காட்டினார். முகத்தில் அடையாளம் இல்லை. முழங்காலில் சின்ன வயதுத் தழும்பு ஒன்றுதான் மிச்சம். வைத்தியர் வயதானவர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை பகல் வரைக்குமாவது உயிர் இருந்திருக்கும் என்றார். எந்த நேரம் என்று ஜவுபர் கேட்கவில்லை. பொன்னாடை போர்த்திய நேரத்தை நினைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஊர் முழுவதும் கூடி ஜனாஸாத் தொழுதது. கடற்கரை மையவாடியில் அடக்கினார்கள். கையைக் கட்டித் தொங்கவிட்டபடி கதிர்காமனும் மதிலுக்கு வெளியே நின்றார்.

மறுநாள் விடிந்தபோது கடலில் ஒரு சங்கொலி கேட்டது. செம்மஞ்சள் படகு இறங்கியிருந்தது. சீருடையோடு ஆட்கள், கையில் தூரநோக்கி, ஒழுங்கு என்றால் அப்படி ஓர் ஒழுங்கு. ஒலுவிலுக்கும் கல்முனைக்கும் நடுவே கோடு போட்ட மாதிரி போவதும் வருவதுமாக இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஜவுபர் பணியகத்துக்குப் போனார்.

“கொழும்பிலிருந்து கட்டளை வந்திட்டு” என்றார் நளீம். முகத்தில் ஓர் ஒளி. “றஸ்மி எண்டவரைத் தேடுங்க எண்டு கட்டளை. தேடுறம்.”

“அவனை அடக்கியாச்சு சேர்.”

“எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா தேடுறீங்க?”

“பலனைப் பாத்துச் செய்றது யாவாரம் ஜவுபர். கடமை பலனைப் பாக்காது. இப்பதான் ஒருத்தருக்கும் ஒரு ஆசையும் இல்லாம, ஒரு நம்பிக்கையும் இல்லாம தேடுறம். இவ்வளவு சுத்தமான ஒரு தேடல் இந்தக் கரையில நடந்ததே இல்ல.”

“மையவாடிக்கு வாங்க சேர். கபுறைக் காட்டுறன். மண் இன்னும் காயல்ல.”

நளீம் மேசை மேலிருந்த கட்டளைத் தாளை நேராக்கி வைத்தார். குரல் சற்றுத் தாழ்ந்தது. “வர ஏலா. வந்தா மனசு இளகும். இளகினா தேடுறதை நிப்பாட்டிப் போடுவன்.”

ஜவுபர் திரும்பி நேரே ஆகிலாவின் வீட்டுக்குப் போனார். ஆகிலா கணவனை இழந்தவர்கள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் இருந்தாள். அறைவாசலில் திரை கட்டியிருந்தது. அவர் வெளியே கதிரையில் இருந்தார். உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. கடலில் அந்தச் சங்கு மறுபடி ஊதிற்று.

“காக்கா” என்றாள் ஆகிலா திரைக்கு அந்தப் பக்கமிருந்து. “ரெண்டு நாளா இந்தச் சத்தம் கேக்குதே. ஆரைத் தேடுறாங்க?”

எந்த நிலையிலும் பொய் சொல்லக் கூடாது என்று ஜவுபருக்கு அந்த நாட்களில் பணியகத்தில் நிறையவே படிப்பித்திருந்தார்கள்.

“ஆரோ ஒருத்தர் புள்ள. வேற ஊர் ஆள்.”

“பொண்டாட்டி புள்ளை இரிக்காமா?”

“இரிக்காம்.”

உள்ளே குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் நின்றது. பிறகு அவள் துஆக் கேட்கிற குரல் திரைக்கு வெளியே வந்தது.

“யா அல்லாஹ், அந்தப் பொம்புளைக்காவது அவட மனுசனை ஹயாத்தோட, உசிரோட கொண்டு வந்து குடு.”

“ஆமீன்” என்றார் ஜவுபர்.